வாளியோடு நிற்பவர் யார்? நினைவுச் சுவருக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

நம் கால்பந்துக் கழக உறுப்பினர்களுக்கும், பழைய ஆட்டக்காரர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும், ஓர் ஆட்டம் விடாமல் வந்து தொண்டை கட்டக் கத்திவிட்டுப் போகும் ரசிகர்களுக்கும் வணக்கம்.

நம் கழக அலுவலகத்தில் பீரோவுக்கு மேலே ஒரு குழுப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது அதைக் கழற்றினோம். பின்பக்கம் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தன. படத்தில் 15 பேர், பெயர்கள் 11. ஆடியவர்கள் பெயரையும், யார் எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் யாரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். மீதி நான்கு பேர்? தோளில் துண்டு போட்ட ஒருவர், தொப்பிக்காரர் ஒருவர், பந்தை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், வலது ஓரத்தில் கையில் வாளியும் பஞ்சுமாக நிற்கும் ஒருவர். இவர்களுக்குப் பெயர் எழுதவில்லை.

படத்தை அந்தக் காலத்து கோல்கீப்பர் வீட்டுக்கு எடுத்துப் போனோம். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தன் முகத்தைக்கூட அவர் தேடவில்லை. நேராக வாளிக்காரர் மேல் விரலை வைத்தார், எடுக்கவே இல்லை. "இவர் இல்லாம ஒரு மேட்ச் ஆடினதில்லை" என்றார். மழை பெய்தால் விடிவதற்கு முன்பே வந்து, கோல் கம்பங்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரைச் சாக்கு போட்டு ஒற்றி எடுப்பாராம். யார் அடிபட்டு விழுந்தாலும் முதலில் ஓடி வருவது அவர்தானாம். எந்தக் காயமானாலும் அவரிடம் ஒரே மருந்து, குளிர்ந்த தண்ணீர். சரி, பெயர் என்ன என்று கேட்டோம். "நாங்க எல்லாரும் வாளின்னுதான் கூப்பிடுவோம். பெயர்..." யோசித்தார். நாங்கள் கிளம்பும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார்.

அன்று திரும்பி வரும் வழியில்தான் இந்தக் குழு உருவானது.

முதல் கூட்டத்தில் எல்லோரும் சிலை வேண்டும் என்றார்கள். யாருக்கு என்பதிலும் சண்டையில்லை. நம் கழகம் என்றாலே எல்லோர் வாயிலும் வரும் அந்த ஒரு பெயர்தான். சிலையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல சிலை அமைந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. இங்கிலாந்தின் பிரெஸ்டன் மைதானத்துக்கு வெளியே அந்த அணியின் ஆட்டக்காரர் டாம் ஃபின்னிக்கு 2004-இல் வைத்த சிலையைப் பாருங்கள். 1956-இல் தண்ணீர் நின்ற ஆடுகளத்தில் அவர் சறுக்கியபோது எடுத்த புகைப்படத்தை அப்படியே சிலையாக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் சிதறுகிறது. அதைப் பார்த்தால் அவர் எப்படி ஆடியிருப்பார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் சவுத்தாம்ப்டனில் நடந்ததும் இருக்கிறது. ஆட்டக்காரராக, மேலாளராக, இயக்குநராக, தலைவராக அந்த ஒரே கழகத்தில் வாழ்நாளைக் கழித்தவர் டெட் பேட்ஸ். 2007-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். கையும் காலும் உடம்போடு ஒட்டாத அளவில் இருந்தன. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு வாரத்துக்குள் சிலையை இறக்கிவிட்டு, வேறு சிற்பியைக் கொண்டு அடுத்த ஆண்டு புதிதாக வைத்தார்கள். அவர்களால் இரண்டு முறை செலவழிக்க முடிந்தது. நம்மால் முடியாது.

குழுவின் மனம் மாறியதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. லிவர்பூலில் 2020-இல் திறந்த பாப் பெய்ஸ்லி சிலையின் படத்தை ஓர் உறுப்பினர் கொண்டுவந்து காட்டினார். மேலாளராக மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் பெய்ஸ்லி. கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிலையில் இருப்பது வேறு. காயம்பட்ட ஆட்டக்காரர் எம்லின் ஹியூஸை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவருகிறார். 1968-இல் எடுத்த புகைப்படம் அது. அப்போது அவர் மேலாளர் இல்லை, பயிற்சியாளர் குழுவில் ஒருவர். நம் படத்தில் வாளியோடு நிற்பவரின் வேலைதான் அவருக்கும். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னார்: "நம்ம ஹீரோவுக்குச் சிலை வைக்காவிட்டாலும் ஊரே அவரை ஞாபகம் வைத்திருக்கும். வாளியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?"

அதற்குப் பிறகு தேடத் தொடங்கினோம். உலகம் முழுக்கக் கழகங்கள் கோல் அடித்தவர்களை மட்டும்தான் கொண்டாடுகின்றன என்று நினைத்திருந்தோம், அப்படியில்லை. லண்டனின் ஆர்சனல் மைதானத்துக்குப் போகும் பாலத்துக்குக் கென் ஃப்ரையர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அந்த அணிக்கு ஓர் ஆட்டமும் ஆடியவரில்லை. சிறுவனாகத் தெருவில் விளையாடும்போது பந்து உருண்டு போய் மேலாளர் ஜார்ஜ் ஆலிசனின் காருக்கு அடியில் மாட்டிக்கொள்ள, அதை எடுக்கப் போனவருக்குக் கழகத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. அங்கேயே நிர்வாக இயக்குநர் வரை உயர்ந்தார்.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்தில் மைதானக் காப்பாளராக இருந்தவர் ஹைன்ரிக் செர்குஸ். நாஜிகளை எதிர்த்ததற்காக 1945-இல் போர் முடியும் தறுவாயில் அவரைக் கொன்றுவிட்டார்கள். புல் வெட்டிய அந்த மனிதர் பெயரில் 2005 முதல் ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று ரசிகர்கள் நினைவு ஓட்டம் ஓடுகிறார்கள்.

ரசிகர்கள் கை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜாக் லெஸ்லியை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. பிளிமத் ஆர்கைல் அணிக்காக 137 கோல் அடித்தவர். 1925-இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்தது. பிறகு அவர் கறுப்பர் என்று தெரிந்ததும் பெயர் காணாமல் போனது. ஆட்டத்தை விட்ட பிறகு, வயதான காலத்தில் வெஸ்ட் ஹாம் அணியில் இளைஞர்களின் பூட்ஸைத் துடைக்கும் வேலை பார்த்தார். அந்தப் பூட்ஸ்களுக்குச் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு இவர் யார் என்று தெரிந்திருக்கும் என்பது எங்களுக்குள் பெரிய கேள்வி. அவர் 1988-இல் இறந்தார். 2020-இல் ரசிகர்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் பிளிமத் மைதானத்துக்கு வெளியே சிலை எழுந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நாட்டு அணிக்கு ஆடுபவர்களுக்குத் தரும் தொப்பியை அவருக்கும் கௌரவமாக வழங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்ட ரசிகர்கள்தான் ஒரு சங்கத்தையே திருந்த வைத்தார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பெண்கள் அணியைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. அந்த அணியில் ஆடிய லில்லி பார் என்பவருக்குச் சிலை வந்தது 2019-இல்தான். நம் கழகத்திலும் பெண்கள் ஒரு காலத்தில் அணி கட்டி ஆடியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பதிவேடுகளில் அவர்களைப் பற்றி இருப்பது ஒரே வரி: "பெண்கள் அணிக்குப் பந்து ஒன்று வழங்கப்பட்டது." யார் ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள், எதுவும் இல்லை.

எங்கள் தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நுழைவாயிலில் ஒரு பெயர்ப் பலகை வைத்தோம், நினைவிருக்கிறதா? தலைவர்கள், செயலாளர்கள் பெயரெல்லாம் பெரிய எழுத்தில், ஆட்டக்காரர்கள் அதற்குக் கீழே சின்ன எழுத்தில். எழுத்து ஒட்டியதுதான், பொறித்ததில்லை. இரண்டு வெயிலுக்குள் உதிர ஆரம்பித்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திறப்பு நாளில் ஓர் அம்மா தன் பேரனோடு வந்து, பலகையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசி வரி வந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கினார். அவருடைய அப்பா ஒன்பது பருவம் ஆடியவர். பட்டியலில் விட்டுப்போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. பேரனிடம் "வேற பலகையில இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு பலகை எதுவும் இல்லை.

இனி திட்டத்துக்கு வருவோம்.

நுழைவாயிலை ஒட்டிய மதிலில் கல் பதித்து, பெயர்களைப் பொறிக்கப் போகிறோம். எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில். கேப்டன், துணி துவைத்தவர், டிக்கெட் கிழித்தவர், கோடு போட்டவர் என்று பதவி எதுவும் பக்கத்தில் வராது. பெயர் தெரியாதவர்களுக்கு அழைத்த பெயரே போதும். "வாளி" என்றே பொறிப்போம், உண்மைப் பெயர் கிடைத்தால் பக்கத்தில் சேர்க்க இடம் விடுவோம். கல்லில் கால் பங்கு வெறுமையாகவே இருக்கும். விட்டுப்போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள், அந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

உயிரோடு இருப்பவர்கள் பெயரை இப்போதைக்குப் பொறிக்கப்போவதில்லை. இதில் குழுவுக்குள்ளேயே வருத்தம் உண்டு. ஸ்வீடனின் மால்மோவில் 2019-இல் அந்த ஊர்க்காரரான ஆட்டக்காரர் இப்ராஹிமோவிச்சுக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே அவர் ஸ்டாக்ஹோமில் உள்ள போட்டிக் கழகத்தில் பங்கு வாங்கினார். 2020 ஜனவரிக்குள் சிலையின் மூக்கை அறுத்து, காலை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். நம்மவர்கள் யாரும் போட்டிக் கழகத்தை வாங்கும் வசதியில் இல்லைதான், ஆனாலும் பொறுத்திருப்போம். இருப்பவர்களிடம் வாங்கவேண்டியது பெயரை விட முக்கியமான ஒன்று, அவர்கள் குரல்.

திட்டத்தின் இரண்டாவது பாதி அதுதான். பழைய ஆட்டக்காரர்கள், ஊழியர்கள், அவர்கள் மனைவி மக்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யவேண்டும். இதில் அவசரம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மற்றவர்களை விட அவர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு அதிகம். நம் கோல்கீப்பரை இரண்டாம் முறை பார்க்கப் போனபோது படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த டீம்?" என்று கேட்டார்.

அதனால் பணம் வரும் வரிசையில் முதலில் குரல் பதிவு, அடுத்து படங்களையும் பதிவேடுகளையும் பூச்சி அரிக்காமல் பாதுகாப்பது, கடைசியில்தான் கல். கல் காத்திருக்கும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கல்லுக்கும் பொறிப்புக்கும் போகும் என்பதால் இந்த வரிசை கேட்கச் சிலருக்குச் சப்பென்று இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் முதலில் நடக்காது. பரவாயில்லை.

ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதைப் பற்றி, அதாவது பெரிய ஆட்டக்காரரின் எண்ணை வேறு யாருக்கும் தராமல் விடுவதைப் பற்றிப் பலர் கேட்டார்கள். மிலான் அணி பரேசியின் 6-ஐயும், நேப்பிள்ஸ் மரடோனாவின் 10-ஐயும் ஓய்வில் வைத்தது போல நாமும் செய்யலாமே என்று. செலவில்லாத மரியாதைதான். ஆனால் பர்மிங்காம் சிட்டி 2020-இல் 17 வயது பெல்லிங்காமின் 22-ஆம் எண்ணை ஓய்வில் வைத்தபோது எவ்வளவு கேலி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். செலவில்லாமல் செய்யவேண்டும் என்றால் எங்களுக்குப் பிடித்தது இத்தாலியின் டொரினோ அணியின் வழக்கம். 1949 மே 4 அன்று சுபெர்கா குன்றில் விமானம் மோதி அந்த அணியே அழிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அணி அந்தக் குன்றின் மேல் ஏறுகிறது. இறந்தவர்களின் பெயர்களைக் கேப்டன் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறார். சுவர் முடிந்ததும் கழகம் தொடங்கிய நாளன்று நம் கேப்டனும் வாசிப்பார். நீளமான பட்டியல், வாய் உலரும். வாசிக்கட்டும்.

நன்கொடை விஷயம். இவ்வளவுதான் தரவேண்டும் என்று எதுவும் இல்லை. மொத்தமாகத் தரலாம், மாதம் கொஞ்சமாகவும் தரலாம். கழக அலுவலகத்தில் பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் குழுவில் யாரிடமும், எங்களிடமே கூட, பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குழுவில் யாருக்கும் படி கிடையாது. நிறுவனங்கள் தாராளமாகத் தரலாம், ஆனால் சுவரில் விளம்பரமோ சின்னமோ வராது. நன்கொடையாளர் பெயர்கள் தனிப் பதிவேட்டில் தொகை இல்லாமல் இருக்கும், வேண்டாம் என்றால் அதுவும் இல்லை.

பணம் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்களிடம் எங்களுக்கு இன்னும் பெரிய தேவை இருக்கிறது. பரணில், பெட்டியடியில் இருக்கும் பழைய படங்கள், ஆட்டச் சீட்டுகள், பத்திரிகைத் துண்டுகள், கடிதங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள். பழைய ஜெர்சி இருந்தால் துவைக்காமல் கொண்டுவாருங்கள்.

அந்தக் குழுப்படம் இனி எல்லா ஆட்ட நாளிலும் நுழைவாயில் மேசை மேல் இருக்கும். துண்டுக்காரரையோ தொப்பிக்காரரையோ யாருக்காவது அடையாளம் தெரியலாம். பந்தை மடியில் வைத்திருக்கும் பையனுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். இதைப் படிப்பவராகக்கூட இருக்கலாம். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துவாருங்கள், முகங்கள் ரொம்பச் சின்னவை.

இப்படிக்கு,
நினைவுச் சுவர்க் குழு