இழுப்பதை விட நிறுத்துவதே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பிக்கப் வண்டியில் படகு இழுத்துச் செல்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எந்த எஞ்சின் எத்தனை கிலோ இழுக்கும் என்பதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, இழுக்க முடியாமல் தவித்த வண்டி வந்ததாக நினைவே இல்லை. வருவதெல்லாம் ஆட்டம் கண்டு சாலையோரம் கவிழ்ந்ததும், சக்கரம் கழன்றதும்தான். கட்டுரையில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. வெளிப்புற எஞ்சின், பேட்டரி, நங்கூரம், டிரெய்லர் எல்லாம் அதற்கு மேல். 150 லிட்டர் பெட்ரோல் மட்டுமே சுமார் 110 கிலோ வரும். இத்தனையும் சேர்ந்த மொத்த எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், இறங்க வேண்டும். படகு டிரெய்லருக்கு இதைவிடக் குறைவாகச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அவர்கள் கையேட்டில் உள்ளதே சரி. இந்த எடை பிக்கப் சுமக்கும் பளுவிலும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அளப்பது எளிது. டிரெய்லரைக் கழற்றி எடைமேடையில் மொத்தமாக ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பிறகு பிக்கப்பில் மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொருமுறை. வித்தியாசம்தான் ஹிட்ச் மேல் இறங்கும் எடை. அது குறைவாக இருந்தால் பின்பக்கம் கனம் என்று அர்த்தம்; வேகம் கூடியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை முன்னே நகர்த்திப் படகையும் முன்னே கொண்டுவரலாம். எப்படி வைத்தாலும் படகின் பின்பலகை டிரெய்லரின் தாங்கலை விட்டு வெளியே தொங்கக் கூடாது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது சர்ஜ் பிரேக். முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையில் இயங்குவது. அதனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க வழியில்லை.

அடுத்தது பேரிங். என்னைக் கேட்டால் படகு டிரெய்லருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நெடுந்தூரம் ஓடி வந்தால், பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் சாய்தளத்தில் இறக்கித் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படி வந்த ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால்போல் வெளுத்து, பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழுந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் சாலையில் சூடேறி இறுகும். ஆகவே ஹப் ஆறும்வரை காத்திருந்து இறக்குங்கள். பயணத்தில் நிறுத்தும்போதெல்லாம் இரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் மேலே ஓட்டாதீர்கள்.

டயரில் கோடு தேயவில்லை என்பதால் நல்ல டயர் என்று நம்ப வேண்டாம். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. நிறுத்தியே வைத்த டயரும் வெயிலில் வெடிப்பு விடும்.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். ஹிட்சில் மாட்டும் டிரெய்லரின் முனையான கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும். வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல் படகின் பின்பக்கத்தையும் இரு பட்டைகளால் டிரெய்லரோடு கட்டுங்கள்.

அடுத்த முறை பிக்கப் ஒப்பீட்டு அட்டவணை வெளியிடும்போது, இழுவைத் திறனுக்குப் பக்கத்திலேயே ஹிட்ச் தாங்கும் எடைக்கும் வண்டி சுமக்கும் பளுவுக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் பழுதுபார்க்கும் வாசகர்