மிலிஷியா பட்டியலில் பெயர் இருந்தாலே சிப்பாய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் குடும்ப வேர்களைத் தேடுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஞானஸ்நானப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு, உயில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த கட்டுரையாளர், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) மிலிஷியா, அதாவது உள்நாட்டுக் காவலுக்கான உள்ளூர்ப் படையின் ஆவணங்களை இரண்டே வரியில் முடித்துவிட்டார். அதிலும் ஒரு வரி பிழை. பட்டியலில் பெயர் கிடைத்தால் அவர் படையில் இருந்தவர் என்கிறார். பெரும்பாலானவர்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்த ஒரு பிழையால் எத்தனையோ குடும்ப மரங்களில் நெசவாளியும் செருப்புத் தைப்பவரும் போர்வீரர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

1757இல் வந்த மிலிஷியா சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் கவுண்டிகளுக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரித்தது. மொத்தம் சுமார் 32,000 பேர். ஒவ்வொரு பாரிஷிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி) ஊர்க்காவல் அலுவலரான கான்ஸ்டபிள் 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களின் பெயர்களை எழுதவேண்டும். 1762இல் மேல்வரம்பு 45 ஆனது. எழுதிய பட்டியலைத் தேவாலயக் கதவில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் கவுண்டியின் மிலிஷியா பொறுப்பாளர்களான துணை லெப்டினன்ட்கள் கூடும் நாளில் போய்ச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் சீட்டுக் குலுக்கல். குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே சீட்டில் பெயர் வந்தவருக்குக் கிடைத்தது சபைப் பதவி அல்ல, மூன்று ஆண்டு படைவேலை. 1786 முதல் அது ஐந்து ஆண்டு. போக மனமில்லாதவர் பதிலாளைக் கூலிக்குப் பிடித்து அனுப்பலாம், அல்லது 10 பவுண்டு அபராதம் கட்டி அந்தச் சுற்றில் தப்பலாம். சீட்டு விழுந்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சந்தா கட்டிய சங்கங்கள்கூட இருந்தன.

ஆக, கையில் கிடைக்கும் தாள் மூன்றில் எது என்று முதலில் பார்க்கவேண்டும். முதலாவது, குலுக்கலுக்கு உட்பட்டவர்களின் பட்டியல். இது ஏறக்குறைய ஊர் ஆண்களின் கணக்கெடுப்பு. இரண்டாவது, சீட்டு விழுந்தவர்கள் அல்லது அவர்களின் பதிலாட்கள் உறுதிமொழி எடுத்த சேர்க்கைப் பட்டியல். மூன்றாவது, படைப்பிரிவின் வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும். 'படையில் இருந்தார்' என்று மூன்றாவதை வைத்து உறுதியாக எழுதலாம். இரண்டாவதை வைத்து, பதிலாள் விஷயத்தைச் சரிபார்த்தபின் எழுதலாம். முதலாவதை மட்டும் வைத்து எழுதக்கூடாது.

முதல் வகையை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். சாமானியர்களின் பெயர்களை நாடு முழுக்கத் தரும் மக்கள்தொகைக் கணக்கு 1841இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளில், நிலமும் இல்லாமல் உயிலும் எழுதாமல் போன கூலியாள் ஒருவரை அவர் தொழிலோடும் ஊரோடும் காட்டும் ஆவணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கான்ஸ்டபிளின் கை சில ஊர்களில் தாராளமாக ஓடியிருக்கும்: 'இடக்கண் தெரியாது', 'வலிப்பு உண்டு', 'ஏழை, மூன்று பிள்ளைகள்', 'உயரம் போதாது'. விலக்குக் கேட்பதற்காக எழுதிய இந்தக் குறிப்புகளைப் போன்ற விவரம் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெரும்பாலும் கிடைக்காது. ஹார்ட்ஃபோர்டுஷயரில் 1758 முதல் 1801 வரை பல பாரிஷ்களுக்கு ஆண்டு ஆண்டாகப் பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. அங்கே ஒரே ஆள் வேலைக்காரராகத் தொடங்கி, தொழில் மாறி, பிள்ளை பெற்று, வயது கடந்து பெயர் நீங்கும் வரை பின்தொடர முடியும். நார்தாம்டன்ஷயரின் 1777 பட்டியலும் இந்த வகையில் பேர்போனது. எல்லாக் கவுண்டிக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 1757இலேயே யார்க்ஷயர், லிங்கன்ஷயர் பக்கங்களில் கூட்டம் கூடிக் கான்ஸ்டபிள்களிடமிருந்து பட்டியல்களைப் பறித்துக் கிழித்தது. 1761 மார்ச்சில் ஹெக்ஸம் ஊரில் குலுக்கலை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது சுட்டதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எங்கே தடுக்கி விழுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். பெயர் காணாமல்போனால் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவது முதல் தடுக்கல். அவருக்கு 45 வயது தாண்டியிருக்கலாம்; முன்பே பணியாற்றி முடித்திருக்கலாம்; தொழில் பயிலும் மாணாக்கராகவோ, போதகராகவோ, கடலோடியாகவோ, கான்ஸ்டபிளாகவோ இருந்திருக்கலாம். விலக்கு உள்ளவர்களைச் சில கான்ஸ்டபிள்கள் எழுதிப் பிறகு அடித்தார்கள், சிலர் எழுதவே இல்லை. அடித்த பெயரையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

'வேலைக்காரர்' என்று குறித்திருப்பவரை அந்த ஊரில் பிறந்தவர் என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. பண்ணையில் தங்கி வேலை செய்தவர்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தார்கள். பல இடங்களில் செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளோடு எஜமானரும் ஊரும் மாறிவிடும். ஞானஸ்நானத்தைப் பக்கத்துப் பாரிஷ்களில்தான் தேடவேண்டியிருக்கும். 'மூத்தவர்', 'இளையவர்' என்று ஒரே பெயரில் இருவர் வந்தால் தகப்பனும் மகனும் என்று கோடு போட்டுவிடாதீர்கள். மாமன் மருமகனாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். ஒரே ஊரில் வயதை வைத்துப் பிரிக்கும் அடையாளம் அது, அவ்வளவுதான். பெயர்ச் சுருக்கமும் ஏமாற்றும். ஜே, என், ஓ என்ற மூன்றெழுத்து ஜான்; ஜோனத்தன் அல்ல. ஜே, ஏ, எஸ் என்றால் ஜேம்ஸ். பெயர்த்து எழுதியவர்கள் இங்கே தவறியிருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. அசல் தாளின் படத்தைப் பார்க்காமல் நம்பவேண்டாம்.

பதிலாள் விஷயம் இன்னும் சிக்கல். சேர்க்கைப் பட்டியலில் 'இந்தப் பாரிஷுக்காக' என்று இருந்தால் அவர் அந்தப் பாரிஷ்காரர் என்று அர்த்தமில்லை. வேறு கவுண்டியிலிருந்து கூலிக்கு வந்தவராக இருக்கலாம். வசிப்பிடம் தனிப் பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே தேடுவது? முதல் இரண்டு வகையும் பெரும்பாலும் மத்திய ஆவணக் காப்பகத்தில் இல்லை. அந்தந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில், லெப்டினன்சி (துணை லெப்டினன்ட்களின் அலுவலகம்) தாள்களிலோ குவார்ட்டர் செஷன்ஸ் நீதிமன்றத் தாள்களிலோ இருக்கும். துணை லெப்டினன்ட்டாக இருந்த நிலப்பிரபுவின் குடும்பக் காகிதங்களுக்குள்ளும், பாரிஷ் பெட்டிக்குள்ளும் ஒளிந்திருப்பதுண்டு. அட்டவணையில் பாரிஷ் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் சிக்காது; பட்டியல்கள் ஹண்ட்ரட் என்ற உட்பிரிவின் பெயரில் கட்டப்பட்டிருக்கும். வடக்கே அதற்கு வாப்பன்டேக் என்று பெயர், கென்ட்டில் லேத், சஸெக்ஸில் ரேப் என்ற பெரிய பிரிவுகளும் உண்டு. உங்கள் பாரிஷ் எந்த உட்பிரிவில் என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள். யார்க்ஷயரில் ரைடிங் என்ற பெரும் பிரிவும் தெரியவேண்டும்.

மூன்றாவது வகை லண்டன் கியூவிலுள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில், டபிள்யூ.ஓ. 13 (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை அலுவலகம்) வரிசையில், 1780 முதல் 1878 வரை இருக்கிறது. படைப்பிரிவு வாரியாகக் கட்டியவை, பெயர் வரிசையில் அல்ல. இதில் பிறந்த ஊர் பொதுவாக வராது. சேர்ந்த நாள், விலகிய நாள், ஓடிப்போனது, இறந்தது வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் காலகட்டத்தில் படைப்பிரிவு எங்கே முகாமிட்டிருந்தது என்பது. பலரின் தேடல் முட்டி நிற்கும் கதவை இதுதான் திறக்கிறது. மிலிஷியா வெளிநாட்டுப் போருக்கு அனுப்பப்படவில்லை. ஆனால் 1778–83, 1793–1815 போர்க்காலங்களில் சொந்தக் கவுண்டியில் வைத்திருக்கவும் இல்லை. மெய்ட்ஸ்டோன் அருகே காக்ஸ்ஹீத் முகாம், எஸெக்ஸில் வார்லி முகாம், பிரெஞ்சுக் கைதிகளை அடைத்த நார்மன் கிராஸ் என்று ஊர் ஊராக நடந்தார்கள். மேற்கே பிறந்தவர் கென்ட் கரையோரத்தில் கல்யாணம் செய்து, கிழக்கே ஒரு பாரிஷில் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். ஊரில் கல்யாணப் பதிவு இல்லையே என்று தவிப்பவர்கள், முகாம் இடங்களைத் தேதியோடு வரிசையாக எழுதி, அந்தப் பாரிஷ்களின் பதிவேட்டைப் புரட்டவேண்டும். மணமகன் பெயருக்குப் பக்கத்தில் இன்ன கவுண்டி மிலிஷியா என்று குறித்திருந்தால் வேலை முடிந்தது. சம்பளப் பட்டியலில் திடீரென்று பெயர் நின்று, நிரந்தரப் படைக்குப் போனதாகக் குறிப்பு இருந்தால், நிரந்தரப் படையின் சம்பளப் பட்டியல்களும் விலகல் ஆவணங்களும் உள்ள டபிள்யூ.ஓ. 12, டபிள்யூ.ஓ. 97 வரிசைகளுக்குத் தாவுங்கள்.

பெண்களையும் குழந்தைகளையும் தேடுவோர் குடும்ப உதவித்தொகைக் கணக்கை விடக்கூடாது. போர்க்காலத்தில் சேவையில் இருந்தவரின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பாரிஷ் வாரப்படி கொடுத்தது. கணவர் வேறு ஊருக்காகப் பணியாற்றினால், கொடுத்த பணத்தை அந்த ஊரிடமிருந்து திரும்பக் கேட்டுக் கடிதப் போக்குவரத்து நடக்கும். இரண்டு ஊரையும் ஒரே தாளில் கட்டிப்போடும் ஆவணம் அது. ஏழைகள் நிதிக் கண்காணிப்பாளரின் கணக்குகளுக்குள் தேடுங்கள்.

1852க்குப் பிறகு மிலிஷியா தன்விருப்பப் படை ஆயிற்று, தேடலும் சுலபம். டபிள்யூ.ஓ. 96 வரிசையின் உறுதிமொழிப் படிவங்கள் 1806 முதல் 1915 வரை என்று சொன்னாலும், பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தவை. பிறந்த பாரிஷ், தொழில், உயரம் எல்லாம் உண்டு. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். வயதை மட்டும் நம்பாதீர்கள். அது அவர் வாயால் சொன்னது, பையன்கள் கூட்டிச் சொன்னார்கள்.

1757க்கு முன்னால் போக விரும்புவோருக்கு டியூடர், ஸ்டூவர்ட் அரசர் காலப் பட்டியல்கள் உண்டு. 16 முதல் 60 வயது வரை, ஆயுதத்தோடு. குளஸ்டர்ஷயரின் 1608 பட்டியல் தனி ரகம். சுமார் 19,400 பேர், தொழிலோடு. வயதுக்குப் பதில் எண்: 1 என்றால் ஏறக்குறைய இருபது, 2 என்றால் நாற்பது, 3 என்றால் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். உடன் ஓர் எழுத்து, உயரத்தைச் சொல்ல: நெட்டையர் ஈட்டிக்கு, நடுத்தரம் மஸ்கட் துப்பாக்கிக்கு, குட்டையர் சிறு துப்பாக்கிக்கு. அந்த 1, 2, 3 எண்களைப் பிள்ளைகளின் எண்ணிக்கை என்று படித்துவிடவேண்டாம். பக்கிங்ஹாம்ஷயரில் 1798இல் எடுத்த போஸே கோமிட்டாடஸ் (அவசரத்தில் அழைக்கக்கூடிய கவுண்டி ஆண்கள்) பட்டியலில் 15 முதல் 60 வயது வரை சுமார் 23,500 பேர். அதில் ஏற்கெனவே படையில் சேர்ந்திருந்தவர்கள் இல்லை. எனவே உங்கள் மூதாதையர் அங்கே இல்லையென்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது அந்த ஆண்டின் டபிள்யூ.ஓ. 13 கட்டு.

இங்ஙனம்,
பழைய ஆவணங்களைப் படிக்கும் ஒரு வாசகர்