பப்பாளியும் ஒரு ‘ஸ்’ஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புலம்பெயர்ந்த குடும்பத்துச் சிறார் எழுத்தாளர்கள் பற்றிய கட்டுரையில், வியட்நாமில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் தன்ஹா லாய் ‘தன் வாழ்க்கையை அப்படியே எழுதினார்’ என்று ஒரு வரி. அந்த ‘அப்படியே’தான் இடிக்கிறது. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் போரில் வீழ்ந்தபோது அவருக்குப் பத்து வயது. குடும்பம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போனது. இதுவரை சரி. ஆனால் ஒன்பது பிள்ளைகளில் அவர் கடைக்குட்டி. 2011இல் வந்த ‘இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்’ என்ற அவருடைய கவிதை நாவலின் சிறுமி ஹாவுக்கு மூன்றே அண்ணன்கள். எட்டுப் பேருக்கும் தனித்தனி முகம் கொடுக்கச் சிறுவர் நாவலில் இடம் ஏது?

பின்னணி வேலை செய்வது சம்பவங்களில் அல்ல, வரியமைப்பில். பல ஆண்டுகள் உரைநடையில் எழுதிப் பார்த்துச் சரிவராமல்தான் குட்டிக் குட்டி வரிகளுக்கு வந்தார். வியட்நாமிய மொழியில் ஓரசைச் சொற்கள் ஏராளம். அதில் யோசிக்கும் பத்து வயதுக்காரியின் தலைக்குள் நீண்ட ஆங்கில வாக்கியம் ஓடாது.

பப்பாளியைப் பாருங்கள். சைகோன் கொல்லையில் ஹா விதை போட்டு வளர்ந்த மரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். அலபாமாவில் பரிசாக வருவதோ சர்க்கரை ஏற்றிக் காயவைத்த துண்டுகள். குப்பையில் வீசிவிடுகிறாள். விடிந்து பார்த்தால் தட்டில் அதே துண்டுகள், வெந்நீரில் ஊறி, சர்க்கரை கரைந்து, உப்பிப்போய் இருக்கின்றன. பழைய ருசி இல்லை, மோசமும் இல்லை. ஏக்கத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது.

தமிழாக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் பன்மைக்கும் ‘ஸ்’, வினைக்கும் ‘ஸ்’ என்று ஹா எரிச்சல்படும் இடங்களைக் ‘கள்’ விகுதியாக மாற்றினால் கவிதை படுத்துவிடும். அவளுடைய கோபம் அந்தப் பாம்புச் சீறல் மேல்; ‘கள்’ளில் சீறல் ஏது? ‘ஸ்’ என்றே விடுங்கள், தமிழ்க் காதுக்கும் அது வெளியூர் ஒலிதான். பள்ளியில் அவள் பெயரைச் சிரிப்பொலியாக்கிக் கேலி செய்யும் இடமோ தமிழில் தானாகவே வந்துவிடும்: ஹா ஹா. இன்னொன்று, கவிதைகளின் அடியில் இருக்கும் தேதிகளைத் தலைப்புக்கு ஏற்றிவிடாதீர்கள். டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டில் தொடங்கி அடுத்த டெட்டில் முடிகிற கதை இது. நாள் என்னவென்று படித்து முடித்த பிறகு தெரிந்தால் போதும்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்