வாளி நிறைந்திருந்தால் போதுமா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஐந்து நாள் எல்லோருமாக வெளியூர் போகிறோம், ஆறு கோழிக்கும் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போனால் போதுமா அப்பா என்று கேட்டாய். போதாதும்மா. போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் ஒரு முறை படிக்கச் சொல், துளை போடும் வேலையெல்லாம் அவர் தலையில்தான் விழப்போகிறது.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம், இருப்பதில் அதுதான் எளிது. முட்டையிடும் கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். தின்கிற தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள். வெயில் ஏறினால் அரை லிட்டரைத் தொடும், தாண்டவும் செய்யும். ஆறு கோழிக்கு நாளுக்கு 3 லிட்டர், ஐந்து நாளுக்கு 15 லிட்டர். சிந்துவது, சாய்வது, நீங்கள் திரும்பி வர ஒரு நாள் தாமதமாவது எல்லாம் சேர்த்து 30 லிட்டர் இருக்கட்டும். இரண்டு வாளியில் அடங்கிவிடுகிற தண்ணீர்தான் இது.

தண்ணீர் இருந்தும் அது அலகுக்கு எட்டாமல் போவதைத்தான் நீ யோசிக்க வேண்டும். சீய்க்கிற வேகத்தில் கோழி பாத்திரத்தைக் கவிழ்க்கும். விளிம்பில் ஏறி நின்று எச்சமிடும். நிழல் நகர்ந்துபோய் மதிய வெயில் நேரே விழும். நீ வீட்டில் இருக்கும்போது போகிற போக்கில் இதையெல்லாம் பார்த்து அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுகிறாய், செய்ததுகூட உனக்கு நினைவிருக்காது. அந்த ஐந்து நாளும் அந்த அரை நிமிடத்துக்குத்தான் ஆள் கிடையாது.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். முட்டைக்குள் இருப்பதிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால் முட்டை குறையும். இன்னும் நீண்டால் இறகை உதிர்த்துவிட்டு முட்டையை அடியோடு நிறுத்திவிடும். இதெல்லாம் மிதமான நாளில். கொளுத்துகிற வெயிலில் சில மணி நேரத்திலேயே சுருண்டு விழுந்துவிடும்.

ஆகவே அண்டா வேண்டாம். திறந்த பாத்திரம் எலியைக் கூப்பிடும், காட்டுப் பறவைகள் வந்து குடித்து நோயை விட்டுப் போகும், எச்சம் கலந்த தண்ணீரால் ரத்தக்கழிச்சல் பரவும். குஞ்சு இருந்தால் உள்ளே விழுந்து மூழ்கியும் போகலாம். உன்னிடம் இப்போது குஞ்சு இல்லை, பின்னால் வந்தால் ஆழமில்லாத தட்டும் அதில் கொஞ்சம் கூழாங்கல்லும் என்று நினைவில் வை.

உன்னிடம் இருக்கிற தலைகீழ் டிரிங்கர் மோசமில்லை. மேலே குடுவை, கீழே தட்டு. தட்டில் தண்ணீர் இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து அதே அளவு தண்ணீரை வெளியே விடும். குடுவையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் காற்று அந்த வழியாக நுழைந்து முழுத் தண்ணீரும் தரையில் ஓடிவிடும். சமதளத்தில் வைக்காவிட்டாலும் அதே கதி. வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து தண்ணீரைத் தானாகவே வெளியே தள்ளும். கிளம்புவதற்கு முன் நிரப்பி ஒரு ராத்திரி கூண்டுக்கு வெளியே வை. காலையில் தட்டில் நிற்கிற மட்டம் அப்படியே இருந்தால் அதை நம்பலாம். செங்கல் மேல் வைத்து, தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வரும்படி ஏற்றிவிடு. சீய்க்கிற குப்பை அவ்வளவாக விழாது.

இரண்டாவதாக ஒரு நிப்பிள் வாளி செய்யச் சொல்கிறேன். நிப்பிள் என்றால் நுனியில் சிறு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வால்வு, குச்சியைக் கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும். மூடி உள்ள, வெளிச்சம் புகாத வாளியாகப் பார். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். அடியில் துளை போட்டு நாலு நிப்பிள் திருகி, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி, கயிற்றில் ஆடாமல் தொங்கவிடு. கோழி கழுத்தை மேல்நோக்கி நீட்டிக் குச்சியைக் கொத்துகிற உயரம் சரி. பக்கவாட்டில் பொருத்துகிற வகை வாங்கினால் தலை உயரத்துக்கு இருக்கட்டும். வாளியின் மூடியில் ஒரு சிறு துளை போட மறந்துவிடாதே. மூடி இறுக்கமாக இருந்தால் தண்ணீர் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, நிப்பிளில் சொட்டு வருவது நின்றுவிடும். வாளி முக்கால்வாசி நிறைந்திருக்கும், எட்டிப் பார்க்கிறவர் தண்ணீர் இருக்கிறதே என்று திருப்தியாகப் போய்விடுவார், கோழி வெறும் குச்சியைக் கொத்திக்கொண்டிருக்கும். நிப்பிளுக்குள் மணல் மாட்டினாலும் இதே கதை, இல்லாவிட்டால் விடாமல் ஒழுகும். அதனால் மட்டத்தைப் பார்ப்பது போதாது, விரலால் குச்சியைத் தட்டிப் பார்க்க வேண்டும். கையில் தண்ணீர் பட்டால்தான் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

கிளம்புகிற அன்று காலையில் புது வாளியைத் தொங்கவிடுவதுபோல் முட்டாள்தனம் வேறில்லை. கோழிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். தட்டில் முக்கி அண்ணாந்து விழுங்கிப் பழகியது, குச்சியைக் கொத்தினால் தண்ணீர் வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு வாரத்துக்கு முன்பே மாட்டிவிடு. நீயே நிப்பிளைத் தட்டிச் சொட்டைக் காட்டு. ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துச் செய்யும், ஆனால் ஆறும் குடிக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகே கணக்கில் சேர்த்துக்கொள். பழைய டிரிங்கரை அதற்காக எடுத்துவிடாதே, ஐந்து நாளும் இரண்டும் இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே மூலையில் வைக்காமல் எதிரெதிராக வை. உன் வெள்ளச்சி இருக்கிறாளே, அவள் ஒரு பாத்திரத்துக்குக் காவல் நின்றுவிட்டால் அடங்கிப்போகிற கோழி அந்தப் பக்கமே போகாது. இரண்டும் நாள் முழுக்க நிழலில் இருக்கட்டும். காலை நிழலை நம்பாதே, மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்து இடத்தை முடிவு செய். தண்ணீர் சூடாகிவிட்டால் கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் அதிகம் குடிக்க வேண்டிய அந்த நேரம் பார்த்து.

தண்ணீர் வைக்கிற இடம் வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும். விடிந்து கீழே இறங்கியதும் கோழி முதலில் தேடுவது தண்ணீரை, அடையப் போகுமுன்னும் ஒரு முறை வயிறு முட்டக் குடிக்கும். கதவு திறக்க யாராவது வரும் வரை அவை காத்திருக்கக் கூடாது. ஒழுகித் தரை நனைகிறதா என்றும் பார். ஈரமான குப்பையில்தான் கிருமி பெருகும், அம்மோனியா நெடி ஏறும்.

மாப்பிள்ளை குழாயோடு மிதவை வால்வை இணைத்துவிடலாம் என்றாராம். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆளில்லாத வீட்டில் எனக்குச் சம்மதமில்லை. மிதவை மாட்டிக்கொண்டாலோ குழாய் கழன்றாலோ தண்ணீர் நிற்காமல் ஓடிக் கூண்டு குளமாகும், குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒன்றுமே இருக்காது. ஆசையாக இருந்தால் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதிலிருந்து மிதவைக்கு விடச் சொல். கெட்டாலும் ஒரு டிரம்மோடு போகும்.

தண்ணீரில் வினிகர், சத்துப்பொடி என்று எதையும் கலக்காதே. சர்க்கரை சேர்ந்த பொடி நாள்கணக்கில் நின்றால் கிருமிக்குத்தான் விருந்து. உலோகப் பாத்திரத்தை வினிகர் அரித்துவிடும். வெறும் சுத்தமான தண்ணீர் போதும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு ஆள் தினமும் ஒரு முறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கேள். அந்த ஐந்து நாள் முட்டையும் அவர்களுக்கே என்று சொல்லிவிடு, முட்டை எடுக்கவாவது தினமும் கூண்டைத் திறப்பார்கள். முதல் நாளே கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கையாலேயே நிப்பிளைத் தட்ட வை. டிரிங்கர் தட்டை தினமும் அலசிப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொல். வாளியில் எந்த மட்டத்துக்குக் கீழே போனால் நிரப்ப வேண்டும் என்று உள்பக்கம் கோடு போட்டுக் கொடு. எந்தக் கோழியாவது கொண்டை வெளிறியோ கறுத்தோ, செட்டையை அகட்டி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், குளிர்ந்த தண்ணீரில் அலகின் நுனியை நனைத்துத் தானாகக் குடிக்க விடச் சொல். ஐஸ் வேண்டாம், வாயைப் பிளந்து ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும்.

கறுப்பி அடையில் உட்கார்ந்திருக்கிறது என்றாயே, அது இன்னும் எழவில்லையா? அடைக்கோழி நாளுக்கு ஓரிரு முறைதான் இறங்கும், வெயிலிலும் முட்டையை விட்டு நகராமல் காய்ந்துபோகும். கூட்டிலிருந்து கழுத்தை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கவிழாத கனமான கிண்ணம் ஒன்று தனியாக வை. அதை தினமும் மாற்ற வேண்டும் என்று அக்காவிடம் மறக்காமல் சொல்.

நீங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, ஒரு பகல் முழுக்க எதையும் தொடாமல் விட்டுப் பார். சாயங்காலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தரை எங்கே நனைந்திருக்கிறது என்று எனக்குச் சொல். சரியில்லை என்றால் பயணத்தை நிறுத்த வேண்டாம், முதல் நாளே நான் வந்து உன் வீட்டில் இருந்துகொள்கிறேன். எனக்கும் இங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அப்பா