புள்ளியை விழுங்கும் பேனர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருமுனையில் வைக்கும் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர்கள் பலவற்றில் ‘ர்’ மேல் புள்ளியே தெரிவதில்லை. எழுத்து எடுப்பாக இல்லை என்று வெள்ளை, சிவப்பு என எழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று அவுட்லைன், அதாவது விளிம்புக் கோடு, போடுவதால் வரும் வினை. அந்தக் கோடு உள்ளேயும் வெளியேயும் பரவி, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியை அடைத்துவிடும். கோரல்டிரா என்னும் வடிவமைப்பு மென்பொருளில், கோட்டை எழுத்தின் நிறத்துக்குப் பின்னால் தள்ளும் ‘பிஹைண்ட் ஃபில்’ என்பதைத் தேர்ந்தால் எழுத்தின் உடல் தப்பும். புள்ளி தப்ப வேண்டுமானால் கோட்டையும் மெலிதாக்க வேண்டும். அதைவிட, பல தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற எழுத்துருக்களில் தடித்த வடிவத்தை எடுத்தால் அவுட்லைனே தேவைப்படாது.

பெயர் நீளம் என்று பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நசுக்குவது அடுத்த கொடுமை. நெடுக்குக் கோடு மெலிந்து, கிடைக்கோடு மட்டும் தடித்து நிற்கும். இரண்டு வரியாகப் பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

அழைப்பிதழ்களில் வரி இடைவெளியைக் கவனிப்பாரே இல்லை. 10 பாயின்ட் (அச்செழுத்தை அளக்கும் அலகு) அளவுள்ள ஆங்கில எழுத்துக்கு வரிக்கு வரி 12 பாயின்ட் போதும். தமிழுக்கு 14, 15 வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் சுழியில் இடிக்கும்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறினால் பெரும்பாலும் எழுத்துருவின் குற்றமல்ல. பாராகிராஃப் பேனல் மெனுவில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ வகைக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி