சட்டத்தரணியை வழக்கு நாளில் தேடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மதுபோதையில் வாகனம் செலுத்தியதாகப் பிடிபடும் இலங்கை மலையகத் தோட்ட முச்சக்கரவண்டிச் சாரதிகள் பலர், வழக்கு நாளன்று நீதவான் நீதிமன்ற வாசலில் எதிர்ப்படும் தரகர் காட்டும் சட்டத்தரணியிடமே, கட்டணம் எதற்கென்றுகூடக் கேளாமல், மனைவியின் நகையை அடகுவைத்த பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். போதையில் வாகனம் ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. அது உயிர்களைப் பறிக்கும் குற்றம். எனினும் பரிசோதனை அறிக்கையைப் படித்து, குற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தமிழில் விளக்கக்கூடியவரை முன்கூட்டியே தேடி, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் தனிக் கட்டணமா என்றும் கேட்டு, பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு உதவி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகிறது. இவற்றைத் தொழிற்சங்கங்கள் தோட்டந்தோறும் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஹட்டன்