நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு

அன்புள்ள மகளுக்கு,

விலைவாசி ஏறி வேலைவாய்ப்பு குறைந்தால் ஆட்சியின் செல்வாக்கு சரியத்தானே வேண்டும், ஏன் சரிவதில்லை என்று சென்ற வாரம் கேட்டாய். நான் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

முன்பெல்லாம் சரியத்தான் செய்தது. அமெரிக்காவில் 1991-இல், வளைகுடாப் போர் முடிந்த கையோடு, அப்போதைய அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கேலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 89 சதவீத ஆதரவு இருந்தது, வேலையின்மை 7.8 சதவீதத்தைத் தொட்ட 1992-இன் கோடையில் அது 30-க்கும் கீழே இறங்கியது, அவ்வாண்டுத் தேர்தலிலும் அவர் தோற்றார். அதே நாட்டில் 2020 பிப்ரவரியில் 3.5 சதவீதமாக இருந்த வேலையின்மை இரண்டே மாதங்களில் 14 சதவீதத்தைத் தாண்டியபோதும், டிரம்ப்பின் ஆதரவு அப்படிக் குப்புற விழவில்லை. பெருந்தொற்றுக்கு அவரைக் குறை சொல்ல முடியுமா என்பாய். நியாயம்தான், ஆனால் அதற்கு முந்தைய மூன்றாண்டு வளர்ச்சியும் அவரை 50 சதவீதத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவருடைய முதல் பதவிக்காலத்தின் நான்காண்டுகளிலும் அதே கணிப்பில் அவருடைய ஆதரவு 34-க்கும் 49-க்கும் இடையிலேயே நின்றது.

கட்சிப் பிடிப்பு இறுகிவிட்டால், பொருளாதாரத்தைப் பார்த்து ஆட்சியை எடைபோடும் வழக்கம் போய், ஆட்சியில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பொருளாதாரத்தை எடைபோடும் வழக்கம் வந்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் கணிப்பில், 2016-இலும் 2020-இலும் தேர்தல் முடிந்தவுடனேயே, ஊதியமோ விலையோ மாறுவதற்கு முன்பே, குடியரசுக் கட்சியினர், ஜனநாயகக் கட்சியினர் ஆகிய இரு தரப்பாரின் பொருளாதார நம்பிக்கையும் இடம் மாறிக்கொண்டது. இது புதிய நோயும் அன்று: குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் காலத்தில் பணவீக்கம் 13.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தும், அது கூடிவிட்டது என்றே 1988-இல் ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள்.

இத்தகைய கேள்விகளைச் சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொல்லிக் கேட்ட ஆய்வுகளில், இரு கட்சியினரின் விடைகளுக்கு இடையிலான இடைவெளி குறுகியது. ஆகவே, பலருக்கு உண்மை தெரிந்தேதான் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதற்கு அடுத்த படி. மறுக்க முடியாத சரிவைக்கூட முந்தைய ஆட்சியின் மீதோ உலகச் சந்தையின் மீதோ சுமத்திவிடலாம். வளர்ச்சி வந்தால் மட்டும் அது நம்மவர் சாதனை. இப்படித் தம் பக்கத்தார் எப்போதும் மன்னிப்பார்கள், எதிர்ப்பக்கத்தார் எதற்கும் பாராட்டமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த ஆட்சியாளருக்கு, கடினமான பொருளாதார முடிவை எடுக்க என்ன தூண்டுதல் மிஞ்சும்? நடுவில் நிற்கும் சிலருக்கு மட்டும் அவர் அஞ்சினால் போதும்.

நானும் இதற்கு விலக்கல்லன். எந்த ஆட்சியில் விலைவாசியைத் திட்டினேன், எந்த ஆட்சியில் அதற்குச் சமாதானம் சொன்னேன் என்பதை அடுத்த முறை பேசும்போது நீயே எடுத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா